சிகிச்சைக்கு முந்திய சிகிச்சை

1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப் பின்னர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இலங்கையை விட்டுப் புறப்பட்டு, எந்தத் தேசம் தமக்குக் கதவைத் திறக்கும் என்று அறியாமலே விமானம் ஏறிய தமிழ் வாலிபர்களில் ஒரு பகுதியினரை டென்மார்க் ஏற்றுக்கொண்டு, தலைநகரில் ஒரே இடத்தில் குவிய விடாமல், யூட்லாந்துத் தீபகற்பத்தின் சிறு நகரங்களெங்கும் பிரித்துக் குடியமர்த்தியது. ஹேர்னிங், ஹொல்ஸ்டபுரோ, கிரின்ஸ்டட், வைலே என்று நீளும் அந்த வரிசையில், கடல் உள்வாங்கிய ஒரு நீண்ட குடாவின் தலைமாட்டில் அமைந்திருக்கும் ஹோர்சன்ஸும் ஒன்று. கடலோடி விற்றுஸ் பேரிங் 1681-இல் பிறந்த ஊர் என்பதும், 1853 முதல் 2006 வரை இயங்கிய பெரிய சிறைச்சாலை இப்போது சங்கீதக் கச்சேரிகள் நடக்கும் மண்டபமாக மாறிவிட்டது என்பதும் அந்நகரைப் பற்றி அந்நாட்டார் பெருமையாகச் சொல்லும் விஷயங்கள். நமக்கு வேண்டியது அவற்றைவிடச் சாதாரணமான வேறொரு விஷயம்.

அன்று வந்த அந்த வாலிபர்கள் இன்று அறுபது பிராயத்தைத் தாண்டிவிட்டார்கள். 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், சட்டம் அளித்த உரிமைக்கு மாறாக, தமிழ் அகதிகளின் குடும்பத்தாரை அழைப்பிக்கும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டு வைத்ததும், அந்த விவகாரம் முற்றி 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் மந்திரிசபையே பதவி துறந்ததும், 1995-இல் விசேஷ நீதிமன்றம் அந்த அமைச்சரைக் குற்றவாளி என்று தீர்த்ததும் டென்மார்க்கின் சரித்திரப் புத்தகங்களில் ஏறிவிட்டன. அந்தத் தாமதத்தின் நிமித்தம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காத்திருந்து, பின்னர் வந்து சேர்ந்த மனைவியரும் இன்று பாட்டிமார்கள். குளிர்காலத்து இருட்டில் எழுந்து தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் நின்றபடியே முப்பது வருஷம் உழைத்த முழங்கால்கள் தேய்ந்திருக்கின்றன. பித்தப்பையில் கல், கண்ணில் புரை, இடுப்பெலும்பில் வலி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று வந்து சேர்கிறது. ஆதலால் அரசியலும் அகதி விண்ணப்பமும் பேசிக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது சத்திரசிகிச்சைத் தேதிகள் பேசப்படுகின்றன.

சத்திரசிகிச்சை என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது கத்தியும், கத்தி பிடித்த டாக்டரும்தான். "அவர் கைராசிக்காரர்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தக் கை வந்து சேர்வதற்கு முன்னால் எத்தனை கைகள் வேலை செய்தன, நோயாளியே எத்தனை வேலை செய்தாக வேண்டியிருந்தது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. சத்திரசிகிச்சையின் பலன் மேசையில் படுக்கும் அன்றைக்கு மட்டும் தீர்மானமாவதில்லை; அதற்கு முந்திய நாட்களில், பெரும்பாலும் ஒரு தாதியின் கேள்விகளாலும் நோயாளியின் பதில்களாலும் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. அந்தப் பதில்களில்தான் நம்மவர் பெரிதும் தவறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வலது முழங்காலை மாற்றிக்கொள்ள வேண்டியவராகிய, அறுபத்தைந்து வயதுள்ள ஒரு தமிழ் அம்மையாரைக் கற்பனை செய்துகொள்வோம். ஹோர்சன்ஸ், ஹெடன்ஸ்டட், ஒடர், ஸ்கான்னபோர்க் ஆகிய நான்கு நகரசபைகளின் ஜனங்களுக்குப் பொதுவான ஹோர்சன்ஸ் பிராந்திய ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குக் கடிதம் வருகிறது. தபால்காரர் கொண்டுவந்து போடும் கடிதமன்று. 2014 நவம்பர் முதல் டென்மார்க்கில் அரசாங்கக் கடிதங்கள் பெரும்பாலும் கணினித் தபால்பெட்டிக்கே வருகின்றன. அந்தப் பெட்டியைத் திறக்கும் ரகசிய எண்ணை அம்மையாரின் மகனோ மகளோ வைத்திருக்கிறார்கள். கடிதத்தை வாசித்த பிள்ளை தாயாருக்குச் சொல்வது: "அம்மா, பதினாலாம் தேதி ஒப்பரேஷன். காலமை ஒண்டும் சாப்பிடக் கூடாது." எந்தக் குளிசையை நிறுத்த வேண்டும், எந்தக் குளிசையை வழக்கம்போல் விழுங்க வேண்டும், எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம், தோலில் எங்கேனும் புண் இருந்தால் யாருக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் நீளும் கடிதம் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் வேலை, குழந்தைகள், ஓட்டம். ஆனால் ஆயத்தம் என்பது அந்தச் சுருக்கத்திலேயே கெடத் தொடங்குகிறது.

சாப்பாட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். மயக்க மருந்து கொடுக்கப்படும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடுவதால், வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி மூச்சுப்பைக்குள் இறங்கிவிடக்கூடும். இந்த அபாயத்தை 1946-இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசவ நோயாளிகளைக் கொண்டு விளக்கிய பிறகு, நள்ளிரவுக்குப் பின் ஒரு சொட்டு நீரும் கூடாது என்ற கடுமையான வழக்கம் உலகமெங்கும் வேரூன்றிற்று. பிற்பாடு செய்த ஆராய்ச்சிகள், தெளிந்த நீர் வயிற்றை விட்டு வெகு சீக்கிரம் இறங்கிவிடுகிறது என்று காட்டின. ஆகவே இப்போது விதி: திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து பழகிய நம் அம்மையாருக்கு இது ஒரு விரதமாகவே தோன்றாது. இன்னும் அதிகமாகப் பட்டினி கிடந்தால் இன்னும் நல்லது என்றே அவர் நினைப்பார். அது நல்லதன்று. நீர் வற்றிய உடம்பில் இரத்த அழுத்தம் இறங்கும், ஊசிக்கு நரம்பு அகப்படாது, எழுந்த பின் குமட்டல் அதிகமாகும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. "டீ குடிக்கலாமா?" என்று கேட்டவரிடம் தாதி "குடிக்கலாம்" என்று சொல்லியிருப்பார், அவர் மனத்தில் இருந்தது வெறுந்தேநீர். 2011-இல் வெளிவந்த ஐரோப்பிய மயக்கவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில்கூட, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பால் சேர்த்த தேநீரைத்தான் பெரும்பான்மையோர் தெளிந்த பானமாக ஒப்புக்கொண்டார்கள். நம் வீட்டுப் பால் தேநீரில் பங்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். "பிளேன்ரீ மட்டும்" என்று அந்த இடத்தில் சொல்ல ஒரு தமிழ் நாவு இருந்திருந்தால், ஒத்திவைக்கப்பட்ட எத்தனையோ சிகிச்சைகள் குறித்த நாளிலேயே நடந்திருக்கும்.

நீரிழிவும் இப்படியே. தென்னாசியருக்கு அந்த வியாதி மற்றவரைவிட இளவயதிலேயே வருகிறது என்பதும், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் என்பதும் தாதிக்குத் தெரியும். இன்சுலினைத் தயாரிப்பதில் உலகுக்கே முன்னணியில் நிற்கும் தேசம் டென்மார்க். ஆகஸ்ட் குரோ என்ற விஞ்ஞானி, தாமே நீரிழிவுக்காரியாகிய தம் மனைவி மாரியின் தூண்டுதலால் அந்த வித்தையை 1922-இல் கனடாவில் கேட்டறிந்துவந்து டென்மார்க்கில் நாட்டினார். ஆயினும் தாதி எவ்வளவு விசாரித்தாலும், "சுகர் கொஞ்சம் இருக்கு, இப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்துப் பொடியைப் பற்றி மூச்சு விடாமல் இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பொடியைச் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம். தாதி திட்டமாட்டார், குறித்துக்கொள்வார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அந்தப் பொடியில் இருக்குமாயின் அந்தக் குறிப்பே உயிர் காக்கும்.

புகையும் மதுவும் பற்றிய கேள்விகள் ஆண்களுக்கு இன்னும் சங்கடமானவை. பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருக்கும்போது எந்த மாமனார் உள்ளதைச் சொல்வார்? இந்தக் கேள்விகள் ஒழுக்கத்தைச் சோதிப்பதற்காகக் கேட்கப்படுவன அல்ல. ஆன் மொல்லர், ஹன்ன தொன்னசன் முதலிய டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இடுப்பு, முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த புகைபிடிப்போர் 120 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தே புகையை விடவோ குறைக்கவோ தாதியரைக் கொண்டு உதவினார்கள். அவர்களுள் பின்விளைவு கண்டவர்கள் நூற்றுக்கு 18. உதவி பெறாத பகுதியில் நூற்றுக்கு 52. 2002-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த இந்த முடிவைப் படிக்கும்போது, எந்தச் சத்திர நிபுணரின் கைராசி இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது.

உடம்பின் வெளிப்புற ஆயத்தத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். முன்னாளில் சத்திரசிகிச்சைக்கு முந்திய மாலை நாவிதரோ ஊழியரோ கத்தி கொண்டு உடம்பை மழித்துவிடுவது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கம். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதை நினைவில் வைத்திருப்பார்கள். கனடாவின் கால்கரி நகரத்தில் க்ரூஸ், ஃபோர்ட் என்ற இருவர் 1973-இல் வெளியிட்ட கணக்கின்படி, மழித்த காயங்களில் சீழ் பிடித்தவை நூற்றுக்கு 2.3, கத்தரித்தவற்றில் 1.7, முடியைத் தொடாமல் விட்டவற்றில் 0.9. ஆகவே இப்போது மழிப்பதில்லை. அவசியமானால் இயந்திரத்தால் கத்தரிக்கிறார்கள். வீட்டிலேயே குளித்து, சுத்தமான உடை உடுத்து, நகப்பூச்சை அழித்து, எண்ணெயும் களிம்பும் பூசாமல் வரச் சொல்கிறார்கள். செயற்கைப் பல் இருந்தால் சொல்ல வேண்டும்.

நகைதான் நம் பெண்களுக்கு நெருடலான இடம். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி மஞ்சள் கயிறன்று. பல பவுன் எடையுள்ள பொற்கொடி. கல்யாணத்தன்று கழுத்தில் ஏறியதைக் கணவன் உயிரோடிருக்கும்போது கழற்றுவது அமங்கலம் என்று நம்பும் ஒருவரிடம், இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி வேலை செய்கையில் உலோகம் உடம்பைச் சுடக்கூடும், வீங்கிய விரலில் மோதிரம் இறுகிவிடும், அணிகளின் அடியில் கிருமி தங்கும் என்று காரணம் சொல்லாமல் "எல்லாவற்றையும் கழற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால், அந்தச் சொல் அவர் நெஞ்சில் கத்திக்கு முன்னாலேயே பாய்ந்துவிடும். காரணத்தைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். வீட்டிலேயே சுவாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டு, உலோகமில்லாத ஒரு மஞ்சள் நூலைக் கட்டிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே தாதியிடம் கேட்டுவிடுவது உத்தமம். கடைசி நிமிஷத்தில் நடைபாதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சிகிச்சையன்று காலையில் நம் அம்மையாரைத் திகைக்க வைப்பது வேறொன்று. உள்ளே நுழைந்ததும் ஒரு தாதி, அம்மையாரின் மகளைவிட இளையவராய் இருக்கக்கூடியவர், வெறும் பெயரைச் சொல்லி அழைக்கிறார். அது அந்நாட்டு வழக்கம், அவமரியாதை அன்று. பெயர் என்ன, பத்து இலக்கப் பிரஜை எண் என்ன, எந்தக் கால் என்று கேட்கிறார். கையில் பட்டி கட்டுகிறார். சிறிது நேரத்தில் மயக்கவியல் தாதி வந்து அதையே கேட்கிறார். டாக்டர் வந்து அதையே கேட்டு, காலில் பேனாவால் அடையாளமும் இடுகிறார். சத்திர மண்டபத்துக்குள்ளும் அதையே கேட்கிறார்கள். "இவைக்கு நான் ஆர் எண்டே தெரியேல்லையோ, இவையை நம்பியோ நான் படுக்கப் போறன்" என்று அம்மையார் மகளிடம் முணுமுணுக்கிறார். உண்மை அதற்கு நேர்மாறு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008-இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின் உயிர்நாடியே இந்தத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். புது டில்லி, மணிலா, டொராண்டோ, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பரீட்சித்தபோது மரணம் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகவும், பின்விளைவுகள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009-இல் கணக்கு வெளியாயிற்று. அதாவது, கேள்வியை நாலாம் தடவை கேட்கிறவரே நம்பத்தக்கவர்.

இத்தனை ஆயத்தமும் ஏன் இவ்வளவு நெருக்கமாகச் செய்யப்படுகிறது என்பதற்கு டென்மார்க்கிலேயே ஒரு சரித்திரம் உண்டு. கோபன்ஹேகனை அடுத்த விடோவ்ர ஆஸ்பத்திரியின் சத்திர நிபுணர் ஹென்ரிக் கெலட், 1990-களில், சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் ஏன் இத்தனை நாள் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். பட்டினி, பயம், வலி, அசைவின்மை ஒவ்வொன்றையும் தனித்தனியே பிடித்துக் குறைத்தால், உடம்பு தானே எழுந்து நிற்கும் என்பது அவர் சித்தாந்தம். 2000-ஆம் ஆண்டளவில் முழங்கால் மாற்றிக்கொண்டவர் பத்துப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்டில், 2009-இல் அது ஏறக்குறைய நான்கு நாளாயிற்று. இன்று பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பல ஆஸ்பத்திரிகளில் நோயாளி சத்திர மண்டபத்துக்குத் தம் காலாலேயே நடந்து போகிறார். அன்று மாலையே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். ஊன்றுகோலைப் பிடிக்கும் விதத்தைச் சிகிச்சைக்கு முன்பே பழக்கிவிடுகிறார்கள். உறவினர் ஒருவரையும் அழைத்து உட்கார வைத்து, எது நடக்கும், எவ்வளவு வலிக்கும், எப்போது வீட்டுக்கு அனுப்புவோம் என்று விளக்குகிறார்கள். இதையெல்லாம் அறியாத நம்மவர், "வெட்டின அண்டைக்கே நடக்கச் சொல்லுறாங்கள், கட்டில் இல்லை, அதுதான் துரத்துறாங்கள்" என்று அனுதாபத்தோடு பேசிக்கொள்கிறார்கள்.

எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது வெறும் உபசாரம் அன்று, அது மருந்து. பாஸ்டன் நகரத்து மயக்கவியல் மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1964-இல் அதை நிரூபித்தார்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொள்ள இருந்த 97 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் முந்திய இரவு மயக்கவியல் மருத்துவர் சென்று, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் வலி தணியும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்குப் பின்னர் தேவைப்பட்ட வலிநீக்கி மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் பாதி. வீடு திரும்பியதும் சராசரி 2.7 நாள் முன்னதாக. வாயால் சொன்ன சொல் அபினிச் சத்தின் வேலையைச் செய்தது.

சொல் மருந்தானால், அந்தச் சொல் நோயாளிக்கு விளங்கும் பாஷையில் இருந்தாக வேண்டும் அல்லவா? இங்கேதான் ஹோர்சன்ஸின் தமிழ்க் குடும்பங்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றன. மகன் மொழிபெயர்க்கிறான். தாதி ஐந்து நிமிஷம் பேசியதை அவன் ஐந்து சொல்லில் சொல்கிறான். வலி கடுமையாக இருக்கும் என்றதை, அம்மா பயந்துவிடுவாள் என்று விழுங்கிவிடுகிறான். புற்றுநோயாக இருந்தால் அந்தப் பெயரையே சொல்வதில்லை. "கட்டி ஒண்டு, எடுத்துவிட்டால் சரி" என்று முடித்துவிடுகிறான். அன்பினால் செய்கிற காரியந்தான், ஆயினும் பாதகமான காரியம். டென்மார்க் சட்டப்படி பதினைந்து வயதுப் பிள்ளையே தன் உடம்பின்மேல் நடக்கும் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தர உரிமை உடையது. அறுபத்தைந்து வயதுத் தாயாருக்கு அந்த உரிமையை மறுப்பது நாமேதான். மகளுக்கு முன்னால் கர்ப்பப்பைச் சங்கதியையும், மகனுக்கு முன்னால் சிறுநீர்ச் சங்கதியையும் எந்தத் தாய் வாய் திறந்து சொல்வாள்? "விளங்கிச்சுதா?" என்று தாதி கேட்டதும் அம்மையார் தலையை ஆட்டுகிறார். அந்தத் தலையாட்டலைத் தாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்; அம்மையார் அதை மரியாதை என்று எண்ணிச் செய்கிறார்.

வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று யாரும் சாக்குச் சொல்வதற்கில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் உட்கார்ந்து, நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்து, பிரசவம், உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் சத்திரசிகிச்சை நூல் 1867-இலேயே அச்சேறியது. கத்தி எப்படி வெட்டும், காயம் எப்படி ஆறும் என்று மானிப்பாயில் தமிழில் விளக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின், அந்த ஊரிலிருந்து வந்த ஒருவர் ஹோர்சன்ஸில் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு சத்திர மண்டபத்துக்குள் போவது வெட்கத்துக்குரியது.

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது டென்மார்க் ஆஸ்பத்திரிகளின் வழக்கத்துக்கு உட்பட்டதே. 2018 ஜூலையில், நாட்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வசித்தவர் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்தபோது, மருத்துவர் சங்கமே அதை ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் நியாயமானது என்பதே நம் அபிப்பிராயம். முப்பது வருஷம் அந்த நாட்டுக்கு வரி கட்டிய ஒருவர் முதுமையில் தமக்கு வரும் நோயைத் தம் பாஷையில் கேட்டறிவதற்கு விலை வைப்பது எந்தப் பொருளாதாரத்திலும் லாபமாகாது. விளங்காத நோயாளி திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவார். நம்மவரில் சிலருக்கு வேறொரு தயக்கம்: மொழிபெயர்ப்பாளரும் தமிழர், சின்ன ஊர், நம் வியாதி கோயிலில் பேச்சாகிவிடும் என்பது. அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், வேறு ஊரிலிருந்து தொலைபேசியிலோ திரையிலோ பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

அந்நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களும் ஆண்களும் மூன்றரை வருஷப் படிப்பை முடித்து இப்போது தாதியராக வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஹோர்சன்ஸிலேயே வீயா கல்லூரியில் அந்தப் படிப்பு உண்டு. அவர்கள் பெருகப் பெருக இந்தக் குறை ஓரளவு தீரும். அது வரைக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கணினிப் பெட்டியில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த அன்றே அதிலுள்ள எண்ணுக்குப் பேசி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டணம் ஏதேனும் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தாயார் விழுங்கும் குளிசைகளையும், ஊர்ப் பொடிகளையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பக்கத்தில் கட்டாயம் உட்காருங்கள். ஆனால் பதிலை அவர் சொல்லட்டும்.